தாழிக்குள் போன சத்தம்

சோலைமுத்துவின் கிணற்றில் ஆயில் எஞ்சின் ஓடத் தொடங்கிய அன்றைக்கு, சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு கொக்குகூட மிச்சமில்லாமல் பறந்து போயிற்று. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாம் வந்து வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு நின்றார்கள். காதைப் பொத்திக்கொண்டே "அடேயப்பா, என்னமா இழுக்குது!" என்றார்கள். சோலைமுத்துவுக்கு அது போதும். கமலையில் தண்ணீர் இறைத்த மாடுகளை விற்றுப்போட்டு எஞ்சின் வாங்கிய மனுஷன், மாப்பிள்ளை மாதிரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றான்.

அவனுடைய வீடு தோட்டத்துக்குள்ளேயே, கிணற்றை ஒட்டி இருந்தது. கமலை இறைத்த காலத்தில் அது வசதி. சக்கரம் கிறீச்சிடுவதும் மாட்டை அதட்டுவதும் வீட்டுக்குள் கேட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை. எஞ்சின் அப்படியா? அது டுப் டுப்பென்று அடிக்கிற அடியில் உறியில் தொங்கிய மோர்ச்சட்டி ஆடியது. அடுப்புக்கல் நகர்ந்தது. தொட்டிலில் கிடந்த மூன்று மாதப் பிள்ளையை ஒவ்வோர் அடியும் தூக்கித் தூக்கிப் போட்டது.

பிள்ளையின் பெயர் சின்னக்கண்ணு. பெண்பிள்ளை. அதற்கு முன்னால் ராமுத்தாய் பெற்ற இரண்டும் தங்கவில்லை. ஒன்று மாதம் நிறையாமல் போனது, இன்னொன்று காய்ச்சலில் போனது. அதனால் இதைப் பிறந்தவுடன் குப்பையில் உருட்டி எடுத்து, "இது எங்கள் பிள்ளை இல்லை, பொறுக்கிக்கொண்டு வந்தது" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்கள். எமன் ஏமாந்தானோ என்னவோ, பிள்ளை தங்கியது. இப்போது எஞ்சின் வந்து சேர்ந்தது.

எஞ்சின் ஓடும்போதெல்லாம் பிள்ளை கையை விரித்து அதிரும். கண் மேலே செருகும். அழ வாயெடுத்தால் சத்தம் வராமல் உதடு நீலம் பாரிக்கும். ரெட்டியார்சத்திரத்திலிருந்து வந்த வைத்தியர் நாடி பிடித்துவிட்டு, "இப்படியே பதறிக்கிட்டுக் கிடந்தா இழுப்பு வந்துரும். அப்புறம் என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எஞ்சினை நிறுத்துங்க" என்றாள் ராமுத்தாய்.

"நிறுத்திட்டு? மாடு எங்க இருக்கு இறைக்க? வெங்காயம் இப்பத்தான் காய் பிடிக்குது. உங்க ஆத்தா வீட்டுக்குப் பிள்ளையக் கொண்டுபோன்னு சொல்லலாம்னா, உனக்கு ஆத்தா வீடும் இல்ல."

அவன் சொன்னது நிஜந்தான். நிஜத்தைச் சொல்கிறோம் என்பதற்காக எதையும் எப்படியும் சொல்லலாம் என்று நினைக்கிற ஆம்பிளை அவன். மற்றபடி கெட்டவன் இல்லை. மறுநாளே திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறி, எஞ்சினைப் பூட்டிக் கொடுத்த பிட்டர் பக்ருதீனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான்.

பக்ருதீன் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "சத்தம் பூராவும் புகைக்குழாய்லதான் இருக்கு அண்ணே. ஒரு குழி வெட்டுங்க. குழாயை மண்ணுக்குள்ள கொண்டுபோயி குழியில விட்டுட்டு மேல மூடிருங்க. சத்தத்தை மண்ணு தின்னுரும். புகை வெளிய போக மட்டும் ஒரு குழாய நெட்டுக்குத்தலா வச்சுருங்க. அது முக்கியம்."

எஞ்சின் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் இடம் இருந்தது. சோலைமுத்துவே கடப்பாரையை எடுத்தான். இடுப்பளவு ஆழம் போனதும் கடப்பாரை டங்கென்று ஒரு கல்லில் இடித்தது. பலகைக்கல். அதைப் புரட்டினால் கீழே ஒரு பெரிய தாழியின் வாய் தெரிந்தது. ஆள் உட்காரக்கூடிய தாழி.

அந்தப் பக்கத்து மண்ணில் இப்படித் தாழிகள் அகப்படுவது புதிதில்லை. அந்தக் காலத்தில் சாகாமலே சுருங்கிப்போன கிழடுகளை விளக்கேற்றிச் சோறு வைத்து உள்ளே இறக்கிவிடுவார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆனால் இந்தத் தாழிக்குள் இருந்தது கிழடு இல்லை. முழங்காலைக் கட்டி உட்கார்ந்த மாதிரி ஓர் ஆளின் எலும்பு. மடியில், விளாங்காய் அளவுக்கு ஒரு சின்ன மண்டையோடு. பக்கத்தில் ஒரு கறுப்புக் கிண்ணம்.

ராமுத்தாய் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அந்த விளாங்காயை விட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இது யாரையோ பொதைச்ச கபுரு மாதிரில்ல இருக்கு" என்று பக்ருதீன் பின்வாங்கினார். "மூடிருங்கண்ணே. வேற எடத்துல தோண்டுவோம்."

"எதுக்கு? நமக்குன்னே வெட்டி வச்ச மாதிரி இருக்கு. இம்புட்டுப் பெரிய பானை காசு குடுத்தாலும் கெடைக்குமா?" சோலைமுத்து உள்ளே இறங்கி, எலும்பையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளினான்.

"அதை வீசிறாதீங்க" என்றாள் ராமுத்தாய். "தாயும் பிள்ளையுமாக் கெடந்துருக்கு."

"தாயாவது பிள்ளையாவது. எந்தக் காலத்து எலும்போ." சாக்கோடு கொண்டுபோய் எருக்குழியில் கொட்டிவிட்டு வந்தான்.

பக்ருதீன் தாழியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கொட்டகையில் நின்றுகொண்டே குழாயை எப்படி இணைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். திரும்ப மூடிய பலகைக்கல் ஓரமாகப் புகை போகிற குழாயை நட்டதைப் பார்த்த பிறகுதான் கிளம்பினார். "புகைக்கு வழி விட்டுக்கிட்டே இருக்கணும்ணே. நாம வழி விடலேன்னா அதுவா ஒரு வழி தேடிக்கும்" என்று திரும்பவும் சொன்னார்.

எஞ்சினை ஓட்டினார்கள். அடி போயே போய்விட்டது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. வாயை மூடிக்கொண்டு ஒருத்தி ஊம் ஊம் என்று பிள்ளையைத் தாலாட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சின்னக்கண்ணு கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்ட மாதிரி முழித்துக்கொண்டு கிடந்தது. பிறகு கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டு தூங்கிப் போனது.

"பாத்தியா?" என்றான் சோலைமுத்து. அந்த ஒரு வார்த்தையை அவன் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ராமுத்தாய்க்கும் சந்தோஷந்தான். ஆனால் பிள்ளை அந்த முனகலுக்குப் பழகிப்போனது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் பாடினால் தூங்காத பிள்ளை, தாழி முனகினால் உடனே கண்ணை மூடியது. எஞ்சின் ஓடுகிற நேரத்தில் அவளுக்குத் தலை பாரமாக இருந்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. வெளியே போய் வாய்க்காலில் முகம் கழுவினால் சரியாகிவிடும். வீட்டுக்குள் வந்தால் மறுபடி தொடங்கும்.

ஒருநாள் முற்பகலில் களத்தில் மிளகாய் வற்றலைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தவள், பிள்ளையைப் பார்க்க வீட்டுக்குள் நுழைந்தாள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே இருட்டாக இருந்தது. தொட்டிலுக்கு அந்தப் பக்கம், மூலையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, தலையை முழங்காலில் புதைத்து உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. மண் நிறம். முடி முன்னால் விழுந்து கிடந்தது. மூச்சு விடுகிறாளா என்று தெரியவில்லை.

"யாரு?" என்றாள் ராமுத்தாய். பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். சோலைமுத்துவை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மூலையில் ஒன்றும் இல்லை. பழைய பெருச்சாளி வளை ஒன்றுதான் இருந்தது. அதை அவள் எத்தனையோ தரம் ஓட்டுச்சில்லும் கந்தலும் வைத்து அடைத்திருக்கிறாள். பெருச்சாளி பிடுங்கிப் போட்டுவிடும்.

"வெயில்ல இருந்து வந்தா கண்ணு இருட்டத்தான் செய்யும்" என்று சோலைமுத்து சிரித்தான்.

மறுநாளும் அவள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். எஞ்சினைச் சுற்றிவிட்டு முனகல் தொடங்கினால் மூலையில் அவள் இருப்பாள். எஞ்சின் நின்று கொஞ்ச நேரத்தில் இருக்கமாட்டாள். ராமுத்தாய் விளக்குமாற்றை வீசிப் பார்த்தாள். அது அவளைத் தாண்டிப் போய்ச் சுவரில் விழுந்தது. திட்டிப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள்.

"உன் எலும்ப அள்ளிக் கொட்டுனது தப்புத்தான். அது அந்த மனுஷன் செஞ்சது. ரெண்டு பிள்ளைய மண்ணுல போட்டவ நான். இதை விட்டுரு தாயி."

அவள் தலை நிமிரவில்லை. தொட்டிலின் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. ஆனால் நாளாக ஆக, இன்னும் தாழ்ந்து, இன்னும் அழுந்தி, அடைகாக்கிற கோழி மாதிரி அந்த மூலையோடு ஒட்டிக்கொண்டாள். பயந்துபோன ராமுத்தாய்க்கு இதையெல்லாம் யோசித்துப் பார்க்க ஏது புத்தி? தொட்டிலை வேறு இடத்தில் கட்டலாமென்றால், பிள்ளையின் கனத்தைத் தாங்க ஒரே ஒரு விட்டந்தான் இருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலை பார்த்தாள். அது வெயிலில் வாடி, வாந்தி எடுத்தது. பிறகு வேறு வழியில்லாமல் மறுபடி தொட்டிலில் போட்டாள். களத்துக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடியே அவள் பாதியாகிப் போனாள்.

கடைசியில் சோலைமுத்துவே பயந்து, தாடிக்கொம்புப் பக்கத்திலிருந்து, குறி சொல்லிப் பேயோட்டுகிற கோடாங்கி முனியப்பனை அழைத்து வந்தான். பிசாசுக்காகப் பயப்படவில்லை. பெண்டாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் பயந்தான்.

எஞ்சினை ஓடவிட்டே பார்க்க வேண்டும் என்று கோடாங்கி சொல்லிவிட்டார். பட்டப்பகலில் வீட்டுக்கு நடுவில் உட்கார்ந்து உடுக்கையை அடித்தார். கண் செருகி, உடம்பு ஆடி, "பிள்ளையோட போனவ" என்றார். ராமுத்தாய்க்குச் சிலிர்த்தது. தாழிக்குள் என்ன இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் அதற்கு மேல் அவர் சொன்னதையெல்லாம் அவள் நம்பினாள். "மடியில கெடந்ததப் பறிச்சு எருக்குழியில போட்டுட்டீக. அவளுக்கு மடி காலியா இருக்கு. உன் பிள்ளையக் கேட்டுத்தான் உக்காந்துருக்கா."

வேப்பங்குழையால் மூலையை அடித்தார். மூலையில் இருந்தவள் அசையவில்லை. அதை ராமுத்தாய் ஒருத்திதான் பார்த்தாள். குழை விழ விழ அவள் இன்னும் குனிந்து, கைகளைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். கோடாங்கி மஞ்சள்தண்ணீரை அள்ளி எறிந்து, "இது உன் பிள்ளை இல்ல! இவ பெத்த பிள்ளை! போ!" என்று அதட்டினார்.

"போ!" என்று ராமுத்தாயும் கத்தினாள். "என் வீட்டை விட்டுப் போ!"

அப்போதுதான் அவள் முதல்முதலாக முகத்தைத் தூக்கினாள். சின்ன வயசுக்காரி. ராமுத்தாயைவிட இளையவளாகக்கூட இருப்பாள். மூக்கைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் ஒரே கரி. அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை. ராமுத்தாயைப் பார்த்தாள். வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். ராமுத்தாய் மறுபடியும் "போ" என்றாள். மூலை காலியாக இருந்தது.

கோடாங்கி எழுந்து வெளியே வந்தார். தாழியின் வாயைக் கட்டினால்தான் போனவள் திரும்பமாட்டாள் என்றார். புகைக்குழாயைப் பிடுங்கச் சொல்லி, அந்த ஓட்டையில் கல்லை வைத்து, சுண்ணாம்பும் களிமண்ணும் குழைத்துப் பூசி, நடுவில் ஓர் இரும்பு ஆணியை இறக்கினார்.

"புகை போகணுமே" என்று சோலைமுத்து இழுத்தான். "பாய் சொல்லிட்டுப் போனாரு. எஞ்சின் மூச்சு முட்டிரும்ல?"

"இரும்புக்கு என்னய்யா மூச்சு?" என்றார் கோடாங்கி.

மறுநாள் காலையில் எஞ்சினைச் சுற்றிவிட்டார்கள். கொஞ்சம் திணறி, பிறகு பிடித்துக்கொண்டது. முனகல்கூட இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வீட்டு வாசல்வரை கேட்டது. "பக்ருதீன் பாய் வந்து பாக்கணும்!" என்று சோலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மடை திருப்பப் போனான்.

ராமுத்தாய் மூலையைப் பார்த்தாள். யாரும் இல்லை. இத்தனை நாள் கழித்து நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டாள். முனகல் இல்லாததால் அது சிணுங்கியது. அவளே பாடினாள். அவள் பாட்டுக்கே பிள்ளை தூங்கியது. அந்தப் பெருமையோடு களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு வெங்காயப் பாத்திக்குப் போனாள்.

பாதிப் பாத்தி கொத்தியிருப்பாள். மனசுக்குள் அந்த முகம் வந்து நின்றது. பிள்ளையைக் கேட்டு வந்தவள் பிள்ளையை ஏன் பார்க்கவே இல்லை? போ என்றால் போகவேண்டியதுதானே, ஏன் தலையை ஆட்டினாள்? அந்தக் கரி எங்கிருந்து வந்தது? எத்தனையோ காலம் மண்ணுக்குள் கிடந்தவள் முகத்தில் மண்தானே அப்பியிருக்கும்? கரி எப்படி வந்தது? அவள் கண் தானாகவே எஞ்சின் கொட்டகைக்குப் போனது. குழாயிலிருந்து கிளம்பி மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கிறதே, அந்தப் புகையெல்லாம் எங்கே போகிறது?

கொத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். பாத்தி வரப்பெல்லாம் மிதிபட, சேலை காலில் சிக்க, ஓடினாள்.

வீட்டுக்குள், எஞ்சினுக்கு ஊற்றுகிற குருடாயில் நாற்றம் முகத்தில் அடித்தது. மூலையில் பெருச்சாளி வளையை அடைத்திருந்த கந்தல் வெளியே தள்ளப்பட்டுக் கிடந்தது. வளைக்குள்ளிருந்து நீலமாகப் புகை மெல்ல ஏறி, வெள்ளையடித்த சுவரில் ஆள் உயரத்துக்குக் கரியைப் பூசியிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடம் அதுதான். அதே இடம், அதே அளவு. அங்கே இத்தனை நாளும் உட்கார்ந்து அவள் எதை அடைத்துக்கொண்டிருந்தாள் என்று ராமுத்தாய்க்கு அந்தக் கணத்தில் தெரிந்துபோயிற்று.

பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. உதடு வெற்றிலை போட்ட மாதிரி சிவந்திருந்தது. தூக்கினால் கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் தொங்கியது.

வெளியே கொண்டுவந்து வாய்க்கால் ஓரத்தில் போட்டாள். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அலறினாள். சோலைமுத்து மண்வெட்டியோடு ஓடிவந்து, பிள்ளையைப் பார்த்ததும் கொட்டகைக்குப் பாய்ந்து எஞ்சினை நிறுத்தினான். ராமுத்தாய் தண்ணீரை அள்ளி அடித்தாள். குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஒன்றும் இல்லை. மூன்றாவதையும் எமன் தேடி வந்துவிட்டான், அதுவும் நானே வீட்டுக் காவலைத் துரத்திவிட்ட மறுநாளே வந்துவிட்டான் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"வந்துரு தாயி" என்று அழுதாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று சோலைமுத்துவுக்குப் புரியவில்லை. பிள்ளையை என்று நினைத்துக்கொண்டான்.

பிள்ளையின் நெஞ்சுக்குழி ஒருதரம் உள்வாங்கியது. பிறகு இன்னொருதரம். ஓர் இருமல். அதற்குப் பிறகு சின்னக்கண்ணு வீறிட்டு அழுத அழுகை அடுத்த தோட்டம்வரை கேட்டிருக்கும். ராமுத்தாய் அதைச் சமாதானப்படுத்தவில்லை. அழட்டும், அழட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சோலைமுத்து வாய்க்கால் கரையில் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டான். ராமுத்தாய் பிள்ளையை அவன் மடியில் கொடுத்துவிட்டு எருக்குழிக்குப் போனாள். வெறுங்கையால் கிளறினாள். பெரிய எலும்புகள் சீக்கிரம் அகப்பட்டன. அந்தச் சின்ன மண்டையோட்டைத் தேடத்தான் நேரமாயிற்று. கிடைத்ததும் முந்தானையில் துடைத்தாள். கோடாங்கியின் ஆணியை அவளே பிடுங்கினாள். எஞ்சின் குழாயை உருவி எறிந்துவிட்டு, பலகைக்கல்லைப் புரட்டித் தாழிக்குள் இறங்கி, கரியை வழித்து, தாயை இருந்தபடி வைத்து, மடியில் பிள்ளையை வைத்தாள். பலகைக்கல்லை மூடி மண் தள்ளினார்கள்.

எஞ்சின் பழையபடி டுப் டுப்பென்று அடித்தது. மோர்ச்சட்டி ஆடியது. சோலைமுத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காற்று வருகிற திசையில் ஒரு குடிசை போட்டு, எஞ்சின் ஓடும் நேரத்துக்குப் பிள்ளையை அங்கே வைத்துக்கொள்ளச் சொன்னான். பிள்ளை அதிர்ந்தது, அழுதது, போகப்போகப் பழகியது. ராமுத்தாய்க்கு அந்தச் சத்தம் இப்போது பயமில்லை. சத்தம் இல்லாத நேரந்தான் பயம்.

எஞ்சின் நின்ற பிறகு, மத்தியானத் தூக்கத்துக்குப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவருவாள். தொட்டிலில் போட்டுவிட்டு மூலையைப் பார்ப்பாள். வளையைக் கல்லும் சுண்ணாம்புமாக அடைத்தாயிற்று. சுவரில் கரி மட்டும் அப்படியே இருந்தது. அதன்மேல் வெள்ளையடிக்க அவள் சம்மதிக்கவில்லை.

"வா தாயி" என்று மெதுவாகக் கூப்பிடுவாள். "தெரியாமச் சொல்லிட்டேன். வந்து உக்காரு."

ஒருநாளும் யாரும் வரவில்லை. போ என்று சொன்னது கேட்ட காதுக்கு, வா என்று சொல்வது கேட்கவில்லை போலிருக்கிறது. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோன ஒருநாள், அந்த மூலை காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ராமுத்தாயே போய் அங்கே உட்கார்ந்தாள். அடைத்த வளையின்மேல் நன்றாக அழுந்தி உட்கார்ந்தாள். இடம் குறுகலாக இருந்ததால் முழங்காலை மார்போடு கட்டிக்கொள்ளவேண்டியிருந்தது. தலையை முழங்காலில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் மூச்சுச் சத்தம் அங்கிருந்து நன்றாகக் கேட்டது.

சாப்பாட்டுக்கு வந்த சோலைமுத்து, வெயிலிலிருந்து வீட்டுக்குள் காலை வைத்தவன், அப்படியே நின்றான். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"யாரது?" என்றான். அவனுடைய குரலை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "யாரது, மூலையில?"

"நான்தான்" என்று சொல்ல ராமுத்தாய்க்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.